வேலை போன பிறகு பார்க்க வேண்டிய வேலைகள்

ஆனேக்கல் தாலுகாவில் வேலை போவதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. ஜிகணியிலோ பொம்மசந்திராவிலோ ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஹெச்.ஆர். கூப்பிட்டு, "சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்" என்று எழுதித் தரச் சொல்வார். "செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும், தம்பி" என்று குரலில் கொஞ்சம் வெல்லமும் சேர்ப்பார். எழுதாதீர்கள். இந்தக் கையேட்டிலேயே உருப்படியான அறிவுரை இதுதான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் இதைப் படிப்பார்கள் என்பதும் தெரியும்.

விஷயம் இதுதான். இ.எஸ்.ஐ. கழகம் 2018 ஜூலையில் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்றொரு திட்டம் கொண்டுவந்தது. வேலை இழந்த தொழிலாளிக்கு அவருடைய சராசரி நாள் சம்பளத்தில் கால் பங்கு கிடைத்தது. 2020 கொரோனாவில் அதைப் பாதியாக்கி, 90 நாள் காத்திருப்பை 30 ஆகக் குறைத்தார்கள். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நாளொன்றுக்கு 250. வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து 90 நாள்தான் என்பதால் மொத்தம் 22,500. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், வயதாகியோ விருப்பப்பட்டோ ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது. ஆகவே நீங்கள் விரும்பிப் போனீர்களா, விரட்டப்பட்டீர்களா என்பது முக்கியம். அதைக் கம்பெனி கிளார்க் மாதாந்திரக் கணக்கு ஏற்றும்போது ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார். அதில் 'ஆட்குறைப்பு' என்றும் உண்டு, 'வேலையை விட்டார்' என்றும் உண்டு. அவர் கை எதன்மேல் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, வேலையில்லாதவர் என்று நிரூபிக்க, ஒழுங்காக வேலை பார்த்தவர் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும்; கடைசி அரையாண்டில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும்; அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் அதே 78. காண்ட்ராக்ட் தொழிலாளிகள் இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளலாம். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய இன்சூரன்ஸ் எண்ணைத் தேடச் சோம்பல்பட்டுப் புது எண் போட்டுவிடுவார்கள். ஒரே மெஷின், ஒரே சூப்பர்வைசர், ஆனால் காகிதத்தில் நீங்கள் மூன்று பேர். மூவரில் ஒருவருக்கும் இரண்டு வருட சர்வீஸ் இருக்காது. எண்களை ஒன்றாக்கச் சொல்லிக் கிளை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

அதோடு பெயர். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக வால் பிடித்திருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் நிற்கும், இ.எஸ்.ஐ. அட்டையில் பின்னால் தொங்கும். அத்திப்பள்ளி டோலைத் தாண்டி தினமும் ஒசூரிலிருந்து வருகிறவருக்கு விலாசமும் வேறு மாநிலம். இ.எஸ்.ஐ. மத்திய நிறுவனம், எல்லைக்கோடு தடையல்ல என்று பணிவாகச் சொல்லுங்கள். கன்னடத்தில் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டதாரித் தம்பி வீட்டில் இருந்தால் அவன் கணக்கு தனி. கர்நாடகத்தில் படித்து, டிகிரி முடித்து 180 நாளாகியும் வேலை கிடைக்கவில்லையென்றால் யுவநிதி மாதம் 3,000, டிப்ளமோவுக்கு 1,500. ஒசூர்ப் பக்கம் படித்தவனுக்கு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஐந்து வருடம் பதிந்து காத்திருந்தால், மாதம் 600.

தாமதம் பற்றி. 1990களில் பேய்க்குப் பயந்து வீட்டுக் கதவில் 'நாளெ பா' (நாளை வா) என்று எழுதிவைத்த ஊர்கள் உள்ள மாநிலம் இது. பேயும் படித்துவிட்டு மறுநாள் வருமாம். அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் நீங்களும் மறுநாள் போங்கள், ஆனால் மனு கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். இணையத்தில் புகார் கொடுத்தால் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வரும். தீர்ந்தது புகார் மட்டும்தான். அப்போது 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், "என் மனு எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பல சமயம் பதிலுக்கு முன் பணம் வந்துவிடும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு; பணமே வராவிட்டால் தனியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம். 22,500 ரூபாய்க்கு வக்கீல் பீஸ் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

இதற்கிடையில் வேறு வேலை கிடைத்துவிட்டால், அந்த நாளிலிருந்து உதவித்தொகை நின்றுவிடும். புது கேட்டில் பாரம் நிரப்பும்போது பழைய இன்சூரன்ஸ் எண்ணை எழுதுங்கள். "அதெல்லாம் வேணாம், புதுசு போட்டுக்கலாம்" என்பார் அங்கே இருப்பவர். அவர் பேனாவைப் பிடுங்கியாவது எழுதிவிடுங்கள்.