மருந்தில்லா ஊசி

கேள்வி: தாடை வலிக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி குத்துகிறார்களாமே! அது சரியான தசையில்தான் போகிறதா?

பதில்: எந்தத் தசை என்பதைப் பொறுத்தது. பல்லைக் கடியுங்கள். கன்னத்தில் புடைக்கிறதே, அது மாசெட்டர். முறுக்கு தின்னவும், மேலதிகாரியிடம் வாயை மூடிக்கொண்டிருக்கவும் உதவுவது. தொட்டாலே தெரியும். அதன் மீது முகநரம்புக் கிளைகளும் உமிழ்நீர்க் குழாயும் ஓடுகின்றன என்பது வேறு விஷயம்.

வம்பே பக்கவாட்டு டெரிகாய்டில்தான். தாடையை முன்னே தள்ளும் இந்தத் தசை தாடை எலும்புக்கு உட்புறமாக ஒளிந்திருக்கிறது. வாய்க்குள் விரல் விட்டு, "இதோ, பிடித்துவிட்டேன்" என்பவர் பெரும்பாலும் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவை. வெளியிலிருந்து வரும் ஊசி, மாசெட்டரைத் துளைத்து, தாடை எலும்பின் மேல்விளிம்புப் பள்ளம் வழியே நுழைய வேண்டும். அங்கே சிரைகளின் வலைப்பின்னல். போதாக்குறைக்கு மாக்ஸிலரி தமனி. அது சிலருக்குத் தசைக்கு வெளிப்புறம், சிலருக்கு உட்புறம். பிரம்மா வரைபடத்தை இரண்டு பதிப்பாக வெளியிட்டுவிட்டார்!

அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்துகிறவர் கிடைத்தால் நல்லது. "என் கைக்கே தெரியும்" என்பவரிடம், முதலில் ஒரு மண்டையோட்டு மாதிரியில் வழியைக் காட்டச் சொல்லுங்கள்.