90 நின்றது, 76 போனது!

கேள்வி: 2024-25 இங்கிலாந்து ‘சாம்பியன்ஷிப்’ கால்பந்து லீக்கில் 90 புள்ளி எடுத்த ஷெஃபீல்டு யுனைடெட் அங்கேயே நிற்க, 76 எடுத்த சண்டர்லேண்ட் பிரீமியர் லீக்குக்குப் போய்விட்டதே! இது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நியாயம் இல்லை; விதி இருக்கிறது. 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம். முதல் இரண்டு அணிகள் நேரே மேலே போகும். அந்த சீசனில் 3 முதல் 6 வரை வந்தவர்களுக்கு பிளே-ஆஃப்; அதில் ஜெயித்தவரும் மேலே. அங்கே, லீக்கில் சேர்த்த புள்ளியெல்லாம் செல்லாக்காசு. ஷெஃபீல்டு களத்தில் எடுத்தது 92. மற்ற கிளப்புகளுக்கு வைத்த பழைய பாக்கிக்காக 2 பிடித்துக்கொண்டார்கள்.

பிளே-ஆஃபின் வெம்ப்ளி இறுதியாட்டத்தில் முதல் கோலும் ஷெஃபீல்டுடையதுதான். சண்டர்லேண்ட் சமன் செய்தது. 95-வது நிமிடத்தில் வெற்றி கோல் போட்ட அதன் வீரர் டாம் வாட்சன், ஏற்கெனவே பிரைட்டன் கிளப்புக்குப் போக ஒப்புக்கொண்டவர். வீட்டைக் காலி செய்கிறவர் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி!

அதே சீசனில் பர்ன்லி 100 புள்ளி எடுத்தது. 46 ஆட்டத்தில் வாங்கியது 16 கோல்தான். ஆனாலும் கோல் வித்தியாசத்தில் கோப்பை லீட்ஸுக்கு. நியாயம் கேட்டு யாராவது வரிசை கட்டினால், ஷெஃபீல்டுக்கு முன்னால் பர்ன்லி துண்டு போட்டிருக்கும்.