பிரஷர்காரரின் கோபம்

எனக்கு பிரஷர் என்று தெரிந்த பிறகு வீட்டில் என் நியாயத்துக்கு மதிப்பில்லை. மோட்டாரை அணைக்க மறந்து மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது முன்பெல்லாம் நான் ஒரு சத்தம் போட்டால் யாராவது ஓடுவார்கள். இப்போது என் மனைவி, "காலையில மாத்திரை போட்டியளா?" என்கிறாள். தண்ணீர் பாட்டுக்குத் தெருவில் ஓடுகிறது.

கோபக்காரருக்குத்தான் பிரஷர் வரும் என்பது எங்கள் தெருவில் யாரும் மேல்முறையீடு செய்யாத தீர்ப்பு. கோபத்தில் எண் ஏறுவது உண்மைதான். சற்று நேரத்தில் தானே இறங்கிவிடும். இறங்காமல் 140-க்கும் 90-க்கும் மேலேயே குடியிருப்பதுதான் வியாதி. வயதாக ஆகப் பழைய சைக்கிள் டியூப் மாதிரி ரத்தக்குழாய் விறைத்துவிடுகிறது. இதயம் தள்ளுகிற தள்ளுக்கு விரிந்து கொடுப்பதில்லை. ஐம்பதைத் தாண்டிய பலருக்கு மேல் எண் ஏறுவது இதனால்தான். சாதுவா, முரடனா என்று குழாய் ஆள் பார்ப்பதில்லை. தலைசுற்றல், படபடப்பு என்று முன்கூட்டித் தகவல் சொல்லும் பழக்கமும் பெரும்பாலும் அதற்குக் கிடையாது. அளந்தால்தான் தெரியும்.

அளப்பது லேசுப்பட்ட காரியமா? வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எகிறுகிற எண்ணை நம்பாத டாக்டர், வீட்டிலேயே பார்த்து எழுதி வரச் சொன்னார். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பேசினால் எண் ஏறும்; பிறர் பேசுவதைக் கேட்டால் என்ன ஆகும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் இல்லை. நான் பதில் சொல்ல முடியாத அந்த ஐந்து நிமிடத்தில்தான் என் மனைவி தன் தம்பிக்குக் கொடுத்த கைமாற்றைப் பற்றிப் பேச்செடுப்பாள். மெஷின் 162 என்று காட்டும். "பாத்தியளா, எவ்வளவு கோவம்!"

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ரத்த அழுத்தத்தை அளக்க ஒரு குதிரையைக் கட்டிப்போட்டு, தமனியில் குழாய் செருகி, கண்ணாடிக் குழலில் ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதை 1733-இல் எழுதி வெளியிட்டார். அந்தக் குதிரையைக்கூட யாரும் கோபக்காரக் குதிரை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் உண்மையான குற்றவாளிகளில் ஒன்று சாப்பாட்டு மேசையில் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்குத் தூத்துக்குடி; ஊரைச் சுற்றி உப்பளம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பளத்துக்காரனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் குழம்பில் உப்பைக் குறைத்தார்கள். குழம்பு சப்பென்று இருந்ததால் நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது. துணைக்கு மோர்மிளகாய், அப்பளம், ஞாயிற்றுக்கிழமை கருவாடு. அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரம் வேறு, அதிலும் சோடியம்தான். மைத்துனர் ஒரு பொட்டலம் இந்துப்பு கொண்டுவந்து, "இது எவ்வளவு வேணும்னாலும் போடலாம் அத்தான்" என்றார். இளஞ்சிவப்பாக இருந்தாலும் அதுவும் சோடியம் குளோரைடுதான். கைமாற்றைத் திருப்பித் தராதவர் தருகிற யோசனையும் அப்படித்தான் இருக்கும்.

காலையில் கூட நடப்பவர்களோ, "நார்மல் ஆயிட்டுல்லா, மாத்திரைய நிறுத்திரும்" என்கிறார்கள். மாத்திரை போடுவதால்தானே நார்மல்? கணுக்கால் லேசாக வீங்கியபோது நானாக எதையும் நிறுத்தவில்லை, டாக்டரிடம் காட்டினேன். அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். நாய் துரத்தினால்கூட அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்த பெண் அவருக்கும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். எண் என்னுடையதைவிட மேலே நின்றது. சாயங்காலம் அவர் மகன் எனக்குப் போன் செய்தான்.

"அப்பா மனசுக்குள்ளயே கோவப்படுதாவ போல மாமா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"அவருக்குக் கோவமே வராது தம்பி. அடுப்படியில இருக்கிற கருவாட்டுப் பானைய மொதல்ல ஒளிச்சு வை" என்றேன்.