ஊர் ஓட்டு

எங்கள் ஜவ்வாது மலையில் அப்போதெல்லாம் சட்டசபைத் தேர்தல் முந்தின ராத்திரியே முடிந்துவிடும். ஊர்க்கவுண்டர் வாசலில் பெரியவர்கள் கூடி இலையா, சூரியனா என்று பேசி முடிப்பார்கள். தாத்தா வீட்டுக்கு வந்து சின்னத்தைச் சொல்வார். அடுப்படியில் சாமைச் சோறு வடித்துக்கொண்டே ஆயா தலையாட்டும். "ஓட்டு உடைஞ்சா ஊர் உடையும்" என்பார் தாத்தா.

அதை ஆணாதிக்கம் என்று ஒரே சொல்லில் தள்ள எனக்கு மனம் வராது. 234 தொகுதிகளில் எங்களைப் போன்ற பழங்குடிக்கு ஒதுக்கியவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. எங்கள் மலையின் ஜமுனாமரத்தூர் இருக்கும் கலசப்பாக்கம் பொதுத்தொகுதி. மலை ஓட்டு சிதறினால் ரோடு கேட்கக்கூட வாய் இருக்காது. அந்தக் கணக்கு சரிதான். மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துத்தான் பெண் எடுக்க வேண்டும் என்ற வழக்கத்தைக் காத்தவர்களும் அதே பெரியவர்கள்தான். ஆனால் பெண்ணுக்கு மதிப்பு வைத்தவர்கள் அவளைக் கூட்டத்தில் உட்கார வைக்கவில்லை. அது தப்பு.

இந்த நிலைமையை மாற்றியது தேர்தல் அல்ல. செம்மரம் வெட்டப் போன ஆண்கள் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டபோது வக்கீலைத் தேடி அலைந்ததும், மனு எழுதக் கற்றதும், கடனை அடைத்ததும் பெண்கள்தான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஆம்பளை பார்த்துக்கொள்வான் என்று எந்தப் பெண்ணும் சும்மா இருக்கவில்லை.

இப்போது கட்சிக்காரர்கள் மகளிர் குழுத் தலைவியின் வீட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வந்ததும், "பொம்பளை ஓட்டை விலைக்கு வாங்குறானுங்க" என்றார் மாமா. ஆண்களுக்குச் சாராயம் ஊற்றிய காலத்தில் இந்தக் கோபம் எங்கே போயிருந்தது?

2023இல் எங்கள் மலையின் புலியூர் ஸ்ரீபதி பிரசவமான இரண்டாம் நாளே சென்னை போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதினார்; பிறகு தேறினார். ஊரே மேளம் கொட்டி, மாலை போட்டு வரவேற்றது. நீதிபதியாக ஏற்றுக்கொண்ட மலை, எம்.எல்.ஏ.வாக ஒரு பெண்ணை ஏற்காதா? 2021இல் சட்டசபைக்குப் போன பெண்கள் 12 பேர்தான்.

மாமாவிடம் சொன்னேன்: "தாத்தா மாதிரியே ஓட்டை ஒண்ணாக்குங்க. எல்லாக் கட்சிகிட்டயும் நம்ம பொண்ணு ஒருத்திக்கு சீட்டு கேளுங்க."

மாமா யோசித்தார். "கேட்டுப் பாக்கலாம்."

"போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் சித்தி.