கருப்பொருளை விளக்குக

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் முதுகலைத் தமிழ் பயில்வோர் இக்கால இலக்கியத்தை மிக எளிய தாளாகக் கருதுகின்றனர். சங்கப் பாடலுக்கு உரை வேண்டும், தொல்காப்பியத்துக்கோ உரைக்கும் உரை வேண்டும், நாவல் மட்டுமே படித்தவுடன் புரிந்துவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம். படித்தவுடன் புரியும் என்பதாலேயே அதைப் படிக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கும் வகுப்பில் பலர் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றனர்.

கருப்பொருள் என்பது, கதையின் நிகழ்ச்சிகளுக்கு அடியில் ஓடி அவற்றை ஒன்றாகப் பிணைக்கும் எண்ணம் என்று திறனாய்வாளர் விளக்குவர். அது படைப்புக்குள் மறைந்திருப்பதால் தேடியே கண்டடைய வேண்டும் என்பது பழைய கொள்கை. இன்று அது கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில், பக்கக் கணக்கில் விலைக்குக் கிடைக்கிறது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலின் கருப்பொருள் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் என்று அங்கே வாங்கிய தாளில் இருக்கும். அது பொய்யன்று என்பதே இதில் பெரிய சங்கடம். சினிமாவில் பெரிய வேடம் கிடைக்குமென்று நம்பிக் காத்திருக்கும் ஜமுனாவும், அவளோடு மனத்தாங்கல் கொண்ட தங்கை சாயாவும் அந்த விடையில் இடம்பெறாவிட்டாலும், குழாயடி இடம்பெறுவதால் மதிப்பெண் குறைவதில்லை. இம்முறையைச் சற்று நீட்டினால், சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) தாவரவியல் துறைக்கு மாற்றப்பட வேண்டியதாகும்.

உத்திகளின் நிலையும் இதுவே. மனத்தில் எழும் எண்ணங்களை ஒழுங்குபடுத்தாமல், எழுந்த போக்கிலேயே பதிவு செய்வது நனவோடை உத்தி எனப்படும். இதைத் துணைத்தலைப்புகளுடன், வரிசை எண்ணிட்டு, கோடு போட்டு எழுதுபவர் நல்ல மதிப்பெண் பெறுகிறார். தேர்வின் கடைசிப் பத்து நிமிடங்களில், படித்ததெல்லாம் மறந்த நிலையில், அந்த உத்தியையே கையாண்டு விடை எழுதுபவருக்குக் கிடைப்பது சிவப்பு மைச் சுழி.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1967இல் முன்வைத்த 'ஆசிரியனின் மரணம்' என்ற கருத்து, நூல் வெளிவந்தபின் அதன் பொருளை முடிவுசெய்யும் உரிமை எழுதியவருக்கு இல்லை, வாசகருக்கே உரியது என்கிறது. திறனாய்வுத் தாளில் முற்பகலில் இவ்வாறு இறக்கும் ஆசிரியர், பிற்பகலில் நாவல் தாளின் 'ஆசிரியர் குறிப்பு' பகுதியில் இயற்பெயர், பிறந்த ஊர், பெற்ற விருது ஆகியவற்றுடன் குறைவின்றி மறுபிறவி எடுக்கிறார். வாசகருக்கு வர வேண்டிய உரிமையும் மாணவரை வந்தடைவதில்லை. விடைக்குறிப்பு எழுதியவர் அதை வழியிலேயே பெற்றுக்கொள்கிறார். ஜெயகாந்தனும் கி. ராஜநாராயணனும் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள் என்பதும், பின்னவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது என்பதும் ஆசிரியர் குறிப்பில் ஒரு வரியாகக் கடந்துபோகின்றன. அவ்வரியின் கேலியை யாரும் வினாவாக்குவதில்லை.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதைதான் இதில் மிகுதியும் துன்புறுவது. கடவுள் சென்னைக்கு வந்து, ஓட்டலில் காப்பி குடித்து, ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டும் கதை அது. அழிவில்லாதவரிடம் ஆயுள் சந்தா வாங்குவது பத்திரிகைக்கு எவ்வளவு பெரிய நட்டம் என்று கணக்கிட்டு ஒரு மாணவராவது வகுப்பில் சிரித்தால், அன்றைய பாடம் நடந்ததாகக் கொள்ளலாம். பெரும்பாலான விடைத்தாள்களில் அக்கதை 'சமூக அங்கதம்', அதாவது சமூகக் குறைகளை நகைப்பின் வழியே இடித்துரைத்தல், என்ற பெயருடன் ஐந்து வரிகளில், எவ்வித நகைப்பும் இல்லாமல் நல்லடக்கம் செய்யப்படுகிறது. ஆகவே வினாத்தாள் அமைப்போர், கருப்பொருளை விளக்கச் சொல்லும் நெடுவினாவை ஒரே ஓர் ஆண்டுக்கு நிறுத்திவிட்டு, கடவுள் குடித்த காப்பியில் ஓட்டல்காரர் கலந்திருந்தது என்ன என்று ஒரு மதிப்பெண் வினா கேட்டுப் பார்க்கலாம்.