பங்காளிச் சண்டையின் கடைசி அடி

கேள்வி: கடைசிப் பந்து சிக்ஸர் மாதிரி பேஸ்பாலிலும் ஏதாவது உண்டா?

பதில்: ஏன் இல்லை? 1951 அக்டோபர் 3, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். ஜயன்ட்ஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் ஒரே ஊர்ப் பங்காளிகள். ஆகஸ்டில் 13 ஆட்டங்களுக்கு மேல் பின்தங்கிக் கிடந்த ஜயன்ட்ஸ், விரட்டி வந்து சமன் செய்து, லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் வரை இழுத்துவிட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4-2 முன்னிலை. ஜயன்ட்ஸின் இருவர் பேஸில். ரால்ஃப் பிராங்கா வீசிய இரண்டாவது பந்தை பாபி தாம்சன் இடப்பக்க மாடத்துக்கே பார்சல் பண்ணினார். 5-4! அடுத்து மட்டையோடு காத்திருந்த 20 வயது வில்லி மேஸுக்கு வேலையே வரவில்லை.

அந்த சீசனில் ஜயன்ட்ஸ் தொலைநோக்கி வைத்து எந்தப் பந்து வீசுவது என்று எதிரணி கேட்சர் காட்டும் சைகைகளைத் திருடியது 2001இல் பத்திரிகையில் அம்பலமானது. பிராங்காவுக்கு அது 1950களிலேயே தெரியும். தோல்விக்குச் சாக்காக அதைச் சொல்லாமல் பல்லாண்டு வாய்மூடி இருந்தாரே, என் ஓட்டு அவருக்குத்தான்!