மாண்டவர் மீண்டார், செவ்வாய் இரவு எட்டு மணிக்கு

ஃபில் கோல்சன் முதல் தடவை செத்தது 2012 மே மாதம். ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் லோகி முதுகுப்பக்கமாக வந்து குத்தினான். கோட்டு சூட்டு, ஏறு நெற்றி, பறக்கத் தெரியாது, சுத்தியல் கிடையாது. இரும்புக் கவசமும் பச்சை ராட்சசனும் நிறைந்த கூட்டத்தில் மாதச் சம்பளக்காரர் மாதிரி இருந்த ஒரே ஆள் அவர்தான். நியூஜெர்சியில் எடிசன் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் உட்கார்ந்து நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். “உலகமே அழியப்போகுதுங்கிறான், நீ ஆபீசருக்கு அழுவுற” என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

ஒன்றேகால் வருடம்தான். 2013 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு ஏபிசி சேனலில் இருட்டு மூலையிலிருந்து கோல்சன் நடந்து வந்தார். நடிகர் அதே கிளார்க் கிரெக். தொடரின் பெயர் ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’. முதல் நாள் அமெரிக்காவில் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் எங்கள் சோபாவில் மூன்று பேர். மூன்றாவது ஆள் ஒன்பது வயது மகள், மறுநாள் பள்ளி.

ஷீல்ட் ஒரு ரகசிய உளவு அமைப்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று கழுகுச் சின்னத்தைச் சட்டையில், வண்டிக் கதவில், விமானத்தின் உடம்பில் என்று கண்ட இடமெல்லாம் பொறித்து வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் கோல்சன் ஓட்டுவது 1962ஆம் வருடத்துச் சிவப்பு கார்வெட் கார். யார் கண்ணிலும் படாமல் போகவேண்டும் என்றால் அது பறக்கும். பறந்து திரியும் அவர்கள் தலைமையகத்துக்கு வைத்திருந்த செல்லப் பெயர் ‘பஸ்’. விருதுநகரில் நிஜ பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன எனக்கு அது மட்டும் ஒட்டவேயில்லை. கோல்சன் உயிரோடு இருப்பதே ஏழாம் நிலை ரகசிய அனுமதி உள்ளவர்களுக்குத்தான் தெரியும் என்றார்கள். அந்த வருடம் நான் ஒப்பந்த வேலை பார்த்த இடத்தில் என் கழுத்தட்டைக்கு மூன்றாவது மாடிக் கதவு மட்டும்தான் திறக்கும்.

உளவாளி, அதிசய சக்தி, மூடுமந்திர அமைப்பு எல்லாம் எனக்குப் புதிதில்லை. அண்ணன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த முத்து காமிக்ஸில் பழகியதுதான். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முதல் முத்து காமிக்ஸே ‘இரும்புக்கை மாயாவி’. பிறப்பால் அவர் லண்டன்காரர், ‘வேலியன்ட்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் 1962இல் தோன்றியவர். விபத்தில் ஒரு கை போய் இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். நிழல் படை என்கிற உளவு அமைப்பில் வேலை. ஒளிந்து வேவு பார்க்கிறவருக்கு அந்தரத்தில் பளபளவென்று ஒரு கை மிதந்துகொண்டிருக்கிறதே என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. ஷீல்டும் அதே காலத்துச் சரக்குதான். ஜேம்ஸ் பாண்ட் பித்து உலகம் முழுக்க ஏறியிருந்த 1965இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் காமிக்ஸில் தொடங்கியது. நடுவில் 1998இல் ஒரு தொலைக்காட்சிப் படமாகவும் எடுத்துப் பார்த்தார்கள். ‘நைட் ரைடர்’ காரோடு பேசிக்கொண்டிருந்த டேவிட் ஹாசல்ஹாஃப் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஷீல்ட் தலைவர் நிக் ஃப்யூரியாக நடித்தார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் சீசன் சுமார் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு மர்மப் பொருள், வாரம் ஒரு ஊர், கடைசியில் ‘பஸ்’ஸில் ஏறிக் கிளம்பிவிடுவார்கள். சூப்பர் ஹீரோ தொடர் என்று உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சூப்பர் ஹீரோ கூட இல்லை. கோல்சனுக்கே தாம் எப்படிப் பிழைத்தோம் என்று தெரியாது. தாஹிதி தீவில் ஓய்வெடுத்ததாக ஒரு பொய் நினைவை மண்டையில் ஏற்றியிருந்தார்கள். கிராண்ட் வார்ட் என்று ஒரு வாட்டசாட்டமான ஏஜென்ட் வேறு. முகத்தில் ஓர் உணர்ச்சி வராது. “இவனை எங்கேருந்து பிடிச்சாங்க, ஜவுளிக்கடை பொம்மை” என்பார் இவர். வாரா வாரம் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது.

ஏன் அப்படி இழுத்தார்கள் என்பது 2014 ஏப்ரலில்தான் தெரிந்தது. ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை, ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ படம் வெளியானது. ஷீல்டுக்குள் பல வருடங்களாக ஹைட்ரா என்கிற எதிரிக் கும்பல் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, முக்கால்வாசிப் பேர் யாருடைய ஆள் என்றே தெரியவில்லை, கடைசியில் அமைப்பே கலைந்துபோகிறது. அந்த ரகசியம் படத்தில் உடையும்வரை தொலைக்காட்சிக்காரர்கள் வாயைத் திறக்க முடியாது. அதனால்தான் பதினாறு எபிசோட் பூராவும் பொழுதைப் போக்கியிருக்கிறார்கள். ஏப்ரல் 8, செவ்வாய், பதினேழாவது எபிசோட். நாலே நாள் இடைவெளி. அதற்குள் படத்தைப் பார்க்காதவர்களுக்கு வீட்டுக் கூடத்திலேயே படத்தின் முடிவு தெரிந்துவிடும். நாங்கள் சனிக்கிழமை மூன்று டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கினோம். இலவசமாக வரும் தொடரைப் பார்க்கத் தகுதி பெறுவதற்காகக் காசு கொடுத்துப் படம் பார்த்த குடும்பம் எங்களுடையது.

செவ்வாய் இரவு அந்தப் பொம்மை, அதுதான் வார்ட், துப்பாக்கியைத் திருப்பினான். அவன் ஹைட்ரா ஆள். இத்தனை மாதம் அவன் முகத்தில் ஒன்றும் தெரியாமலிருந்தது நடிக்கத் தெரியாததால் அல்லவாம், நல்லவனாக நடித்துக்கொண்டிருந்திருக்கிறான். இவர் அன்றைக்குப் பேசவே இல்லை. பிரெட் டால்டன் என்ற அந்த நடிகருக்கு மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஷீல்டின் ஏஜென்ட்டுகளைப் பற்றிய தொடரில் ஷீல்டே இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் தொடருக்கு உயிர் வந்தது.

ஆனால் சினிமாக்காரர்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்களா? எல்லாம் ஒரே உலகம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தது என்று விளம்பரம் மட்டும் நடந்தது. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கும் ஏழைச் சொந்தம் போலத்தான் இவர்கள் நிலைமை. படத்தில் நடப்பது இங்கே எதிரொலிக்கும். இங்கே நடப்பது அங்கே யார் காதிலும் விழாது. கோல்சன் உயிரோடு இருக்கிற சேதி கடைசிவரை எந்தப் படத்திலும் அவெஞ்சர்ஸ் கூட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. 2019இல் ‘கேப்டன் மார்வெல்’ படத்தில் கிளார்க் கிரெக்கைக் கூப்பிட்டார்கள். எதற்கு? கதை 1995இல் நடக்கிறது, இளவயதுக் கோல்சனாக வந்துபோக. சாவதற்கு முந்தைய கோல்சனுக்குத்தான் அழைப்பு. பிழைத்து வந்தவருக்குக் கிடையாது.

புதிய சீசன் வருகிறது என்றால் அந்த நாளில் அது ஒரு பண்டிகைக் கணக்கு. மே மாதம் ஏதாவது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கோடை முழுக்க அதையே பேசிக்கொண்டிருக்கவேண்டும். செப்டம்பரில் பள்ளி திறந்து, பிள்ளைக்குப் புது ஷூ வாங்கி, மரத்தில் இலை நிறம் மாற ஆரம்பிக்கும்போது சீசன் வரும். டிசம்பரில் மறுபடி நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்ப 2015 ஜனவரியில் ‘ஏஜென்ட் கார்ட்டர்’ என்று எட்டே எபிசோடில் ஒரு தொடர் போட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே நேர்த்தி. ஒவ்வொரு தடவையும் முன்னோட்டத்தில் ஒரே வாக்குறுதி, இனி எதுவும் பழையபடி இருக்காது என்று. அதை நம்பித் திரும்பத் திரும்ப உட்கார்ந்தோம். பழையபடி இல்லாமல் போனது ஒளிபரப்பு நேரம்தான். எட்டு மணித் தொடர் இரண்டாவது சீசனில் ஒன்பதுக்குப் போனது, நான்காவதில் பத்துக்குப் போனது. மகள் தூங்கப்போகும் நேரமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தள்ளிக்கொண்டே போனதால் வீட்டில் சண்டை வரவில்லை.

2015 மே மாதம், இரண்டாவது சீசனின் கடைசி எபிசோட். தொட்டவரைக் கல்லாக்கும் படிகம் ஒன்று கீழே விழப்போகிறது. கோல்சன் பாய்ந்து பிடிக்கிறார். கை கல்லாக ஆரம்பிக்கிறது. கூட இருந்த மேக் கோடரியை எடுத்து ஒரே போடு, கை போனது. மூன்றாவது சீசனில் செயற்கைக் கையோடு வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். உளவு அமைப்பு, மேலதிகாரி, இரும்புக் கை! மறுநாள் விருதுநகருக்கு ஃபோன் போட்டு அண்ணனிடம் சொன்னேன். “மறையுறாரா?” என்று கேட்டான். இல்லை என்றேன். “அப்புறம் என்னத்துக்கு?” என்று வைத்துவிட்டான். அந்தக் கையால்தான் பிறகு வேற்றுக் கிரகத்து மணலில் வைத்து வார்டின் நெஞ்சை நசுக்கிக் கொன்றார் கோல்சன். அந்தக் கையை அங்கேயே கழற்றி எறிந்துவிட்டும் வந்தார். மாயாவி செய்யமாட்டார்.

பார்த்தவர்கள் எல்லோரும் போன பிறகுதான் தொடர் நன்றாக வந்தது என்பது என் கட்சி. நான்காவது சீசனில் நெருப்பு மண்டையோடு கோஸ்ட் ரைடர் வந்தான். பிறகு மனித உருவில் ரோபோக்கள். பிறகு ஹைட்ரா ஜெயித்து ஆள்கிற ஒரு பொய் உலகம். அதில் கோல்சன் பள்ளிக்கூட வரலாற்று வாத்தியார், அரசாங்கம் சொல்லும் வரலாற்றைப் பாடம் நடத்துகிறார். 2017 வசந்தத்தில், அமெரிக்காவில் குடியேறிகள் விசா காகிதங்களை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அதைப் பார்த்தோம். தொடரில் ஏஜென்ட்டாக நடித்த, தொடங்கும்போது ஐம்பதை நெருங்கியிருந்த மிங்-நா வென் அடிக்கும் அடியைப் பார்த்து நான் கூட யோகா வகுப்பில் சேர்ந்தேன். இவ்வளவு பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்ததற்குப் பரிசாக ஐந்தாவது சீசனை, 2017 டிசம்பரில், வெள்ளிக்கிழமை இரவுக்குத் தள்ளினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெள்ளி இரவு என்பது தொடர்களைச் சாக அனுப்பும் இடம். கோல்சனுக்குத்தான் சாவு பழக்கமாயிற்றே.

அந்த சீசன் முடிவில் அவர் நிஜமாகவே சாகக் கிளம்பினார். தாஹிதிக்கே போனார், இம்முறை பொய் நினைவு இல்லை. கடைசி எபிசோடின் பெயரே முடிவு. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆறாவது சீசனுக்கு அனுமதி வந்துவிட்டது, அவர் முகத்தோடு வேறொரு ஆள் வந்தான். ஏழாவதில் அவர் ரோபோவாக வந்தார். அந்த ரோபோவும் நடுவில் வெடித்துச் சிதறி, 1980களின் கதையில் ஒரு பெட்டித் திரைக்குள்ளிருந்து பேசினார். தொலைக்காட்சியில் இத்தனை வருடம் இருந்தவர் கடைசியில் தொலைக்காட்சியாகவே ஆனார்.

ஆறாவது சீசனைப் பற்றி இன்னொன்று. 2018இல் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் தானோஸ் விரலைச் சொடுக்க, பிரபஞ்சத்து உயிர்களில் சரிபாதி தூசியாகிப் போனது. அடுத்த வருடம் மே மாதம் ஷீல்ட் அலுவலகம் மறுபடி திறந்தது. கதையிலும் ஒரு வருடம் ஓடியிருந்தது. வருகைப் பதிவேட்டில் தானோஸால் ஒரு பெயர்கூடக் குறையவில்லை! அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் பேச்செடுக்கவில்லை. நான் பார்த்த அலுவலகங்களில் பெரிய ஆட்குறைப்புக்கு மறுநாள் நடக்கும் கூட்டமும் இப்படித்தான் இருக்கும்.

கடைசி எபிசோட் 2020 ஆகஸ்ட் 12. மொத்தம் 136. முடிவில் குழு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு வருடம் கழித்து எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, யாரும் அங்கே இல்லை; அவரவர் இடத்திலிருந்து கணினி உண்டாக்கிய அறைக்குள் வந்திருக்கிறார்கள். படம் பிடித்தது 2019இலேயே. நாங்கள் பார்த்தபோது இவர் படுக்கையறையிலும் மகள் மாடிப்படியிலும் நான் சமையலறையிலுமாக ஆளுக்கொரு திரை முன் ஐந்து மாதமாக உட்கார்ந்திருந்தோம். ஷீல்ட் காட்டிய எத்தனையோ எதிர்காலங்களில் பூமி வெடித்துச் சிதறிக்கிடந்த 2091 உட்பட எதுவும் நடக்கவில்லை. இது ஒன்று மட்டும் ஒளிபரப்பாகும் முன்பே நடந்துவிட்டது.

இப்போது அண்ணன் மகன் பார்க்கிறான். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில், நிஜ பஸ்ஸில், உள்ளங்கை அகலத் திரையில். செப்டம்பர் இல்லை, மே இல்லை, செவ்வாய் இல்லை. ஒரு சீசன் முடிந்த பத்தாவது நொடி அடுத்த சீசன் தானே தொடங்கிவிடுகிறதாம். போன வாரம் ஃபோன் செய்தான்.

“அத்தை, மொத பதினாறு எபிசோட தள்ளிட்டு பதினேழுலேருந்து பாத்தா போதும்னு சொல்றாங்களே?”

எனக்கு வந்த கோபத்துக்கு ஹைட்ரா தேவலை. அந்தப் பதினாறு செவ்வாய்க்கிழமையும் நாங்கள் எப்படி உட்கார்ந்திருந்தோம், நடுவில் எத்தனை கார் விளம்பரம், எத்தனை மருந்து விளம்பரம், வார்டை நம்பி ஏமாந்தால்தானே பதினேழில் அவன் யாரென்று தெரியும்போது வயிறு கலங்கும், ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது என்று மூச்சுவிடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டான். நல்ல பிள்ளை, அண்ணனைப் போல நடுவில் வைக்கவில்லை.

“சரி அத்தை, பாக்குறேன். ஆனா ஒன்றரை ஸ்பீடுலதான்.”